நாலு லிட்டர் தண்ணீர், ஒரு நண்பன்

சென்ற இதழில் வந்த பாலைவனப் பயணக் கட்டுரைக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் தொடங்கி டெத் வேலி, தெற்கு யூட்டா, அரிசோனா என்று ஓர் அக்டோபரில் கல்லூரி நண்பனும் நானும் காரில் கூடாரத்தைப் போட்டுக்கொண்டு சுற்றிய கதை அது. பாதிக் கடிதங்கள் "நாங்களும் போகிறோம், என்ன கொண்டுபோக வேண்டும்?" என்கின்றன. மீதி, "ஏன் போனீர்கள்?" என்கின்றன. இரண்டு கட்சிக்கும் இங்கே இடம் உண்டு.

கே: அமெரிக்கா வரைக்கும் போய் வெயிலில் காய வேண்டுமா? எங்கள் ஊரில் அது இலவசமாகக் கிடைக்கிறதே! — வேலூர்

ப: காய வேண்டாம் என்றுதான் ஸ்வெட்டரோடு போகச் சொல்கிறேன். அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை பகலில் இதமான வெயில், ராத்திரியில் பல் கிட்டிக்கும் குளிர். காற்றில் ஈரம் இல்லை, மேலே மேகம் இல்லை. பகலெல்லாம் தரை வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்ததும் பிடித்துவைக்க ஆள் இல்லை. யூட்டாவின் மேட்டு நிலத்தில் விடிகாலையில் பாத்திரத்தில் விட்டுவைத்த தண்ணீர் மேலாக உறைந்திருந்ததைப் பார்த்தோம். கோடையில்தான் போவேன் என்கிறவர்களுக்கு ஒரே ஒரு எண்: 56.7 டிகிரி செல்சியஸ். 1913 ஜூலை 10 அன்று டெத் வேலியில், ஃபர்னஸ் க்ரீக் என்ற இடத்தில் பதிவானது. உலகிலேயே அதிக வெப்பம் என்று உலக வானிலை அமைப்பு இன்றைக்கும் ஏற்றுக்கொண்டிருக்கும் அளவு அதுதான். வேலூர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கே: மணலைத் தவிர பார்க்க அங்கே என்ன இருக்கிறது? — நாகப்பட்டினம்

ப: மணலே குறைவு. டெத் வேலியில் மணல்மேடுகள் சில மூலைகளில்தான் இருக்கின்றன. மொஹாவியில் கெல்சோ மணல்மேடு இருக்கிறது. உச்சியிலிருந்து சறுக்கி இறங்கினால் மேடே அடித்தொண்டையில் உறுமும். மற்றதெல்லாம் கல், சரளை, களி, பாறை, உப்பு.

அந்த உப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேட்வாட்டர் என்ற இடம் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கிறது. வட அமெரிக்காவில் அதைவிடத் தாழ்ந்த தரை இல்லை. கார் நிறுத்துமிடத்தில் நின்று எதிரே இருக்கிற மலைச்சுவரை அண்ணாந்து பார்த்தால், வெகு உயரத்தில் ஒரு சின்னப் பலகை தெரியும்: "கடல் மட்டம்". உப்புத் தரையில் உள்ளே நடக்க நடக்க, தரை அறுகோணம் அறுகோணமாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் விளிம்பிலும் உப்பு விரல் கனத்துக்கு மேலெழும்பி, நுனியில் ரோமம் மாதிரி மெல்லிய படிகங்கள். உட்கார்ந்து, மூக்கு தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தால்தான் அது தெரியும். நாகப்பட்டினத்துக்காரருக்கு உப்பளம் புதிதில்லை. ஆனால் வேதாரண்யத்தில் பாத்தி கட்டி மனிதர் விளைவிப்பதை இங்கே எவர் கையும் படாமல் வெயிலே செய்கிறது.

இன்னொரு விந்தை. பேட்வாட்டர் இருக்கும் அதே மாவட்டத்தில்தான் விட்னி மலையும் இருக்கிறது, 4,421 மீட்டர். அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டால் அமெரிக்காவிலேயே உயரமான சிகரம். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக் காற்றை விட்னி நிற்கும் மலைத்தொடரே மேற்குப் பக்கத்தில் கறந்துவிடுகிறது. கிழக்கே வருவது சக்கை. பாலைவனம் உண்டான கதை அவ்வளவுதான்.

கே: ஆளுக்கு எவ்வளவு தண்ணீர்? — கரூர்

ப: நாளைக்கு நாலு லிட்டர். இது குடிக்க மட்டும். சமையலுக்குத் தனி, ரேடியேட்டருக்குத் தனி, எதிர்பாராமல் ஒரு நாள் மாட்டிக்கொண்டால் அதற்குத் தனி. எல்லாவற்றையும் ஒரே பெரிய கேனில் வைக்காதீர்கள். அது ஒழுகினால் எல்லாம் போச்சு. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். வறண்ட காற்றில் வேர்வை தோலில் நிற்பதற்குள் உலர்ந்துவிடும், "எனக்கு வேர்க்கவே இல்லையே" என்று தோன்றும். சட்டையில் வெள்ளையாக உப்புக் கோடு தெரிந்தால் உடம்பு நிறைய இழந்திருக்கிறது என்று அர்த்தம். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் பாக்கெட்டுகள் கையில் இருக்கட்டும்.

கே: மனைவி குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டு நண்பரோடு போனதற்குக் காரணம் கேட்கலாமா? — கோவை வாசகி

ப: தாராளமாக. கழிப்பறை, தண்ணீர்க் குழாய் உள்ள முகாம்களுக்குக் குடும்பத்தோடு போகலாம். பாட்டிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். நாங்கள் போனது மண்பாதைகளில். அதற்கு மாற்றி மாற்றி ஓட்ட இன்னொருவர் வேண்டும், டயர் மாற்றும்போது டார்ச் பிடிக்க ஒரு கை வேண்டும், "போதும், திரும்பு" என்று சொல்ல ஒரு வாய் வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். கிளம்பும் முன்பே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. எங்கே, எப்போது யார் "திரும்பலாம்" என்றாலும் திரும்பிவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. பிறகு குத்திக் காட்டவும் கூடாது. பாலைவனத்தில் ஆபத்தை ஒருவர் முதலில் உணர்வார், மற்றவர் ஆசையில் இருப்பார். ஆசையில் இருப்பவருக்கு வாதத் திறமை அதிகம். அதனால்தான் வாதத்துக்கே இடமில்லாமல் செய்துகொண்டோம்.

யூட்டாவில் அது வேலைக்கு வந்தது. இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே, கை நீட்டினால் இரு பக்கமும் தொடும் அளவுக்கு ஒரு குறுகிய பிளவு. தலைக்கு மேலே நாடா போல நீல வானம், ஒரு பொட்டு மேகம் இல்லை. உள்ளே நடந்துகொண்டிருந்தோம். நண்பன் நின்றான். சுவரில் எங்கள் தலைக்கு மேலே, ஆள் எட்டாத உயரத்தில், ஒரு மரக்கட்டை குறுக்காகச் சிக்கியிருந்தது. "இது எப்படி இங்கே வந்திருக்கும்?" என்றான். வெள்ளம்தான் கொண்டுவந்து செருகியிருக்கிறது; பதில் தேவையில்லை. "வரும்போது வடக்கே கொஞ்சம் கருத்திருந்தது. திரும்பலாம்டா." திரும்பினோம். அன்று வெள்ளம் வந்ததா என்று தெரியாது. தெரிந்துகொள்ள அங்கே நிற்கவில்லை.

அவன் பயந்ததற்கு நியாயம் உண்டு. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் பள்ளத்தில் 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. பாறை தண்ணீரைக் குடிக்காது. எங்கோ கொட்டியது அப்படியே சரிந்து குறுகிய பிளவுக்குள் சுவராக வந்து சேரும். அங்கே பார்க்க வேண்டிய வானம் நம் தலைக்கு மேலே இருப்பது அல்ல. தண்ணீர் எந்தத் திசையிலிருந்து இறங்குமோ அந்தத் திசையின் வானம்.

கே: சண்டையே வரவில்லையா? — அம்பத்தூர்

ப: வந்தது. பாட்டு விஷயத்தில். ஓட்டுகிறவர் கேட்பதே பாட்டு என்று முடிவானதும் தீர்ந்தது.

கே: கூகுள் மேப் இருக்க என்ன கவலை? — சோழிங்கநல்லூர்

ப: அதுதான் கவலை. பெரும்பாலான இடங்களில் சிக்னல் கிடையாது. முன்கூட்டியே போனில் இறக்கிவைத்த வரைபடமும் நல்ல சாலையையும் கழுதை போகிற தடத்தையும் ஒரே கோடாகக் காட்டும். டெத் வேலி பூங்கா நிர்வாகமே ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறது. 1996 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு குடும்பம், குழந்தைகளோடு சேர்த்து நான்கு பேர், அங்கே காணாமல் போனார்கள். வண்டி அக்டோபரில் அகப்பட்டது, ஆள் போகாத ஒரு பள்ளத்தாக்கில், டயர்கள் பஞ்சராகி. பெரியவர்களின் எலும்புகள் கிடைக்க 2009 ஆயிற்று. அந்த இடத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் மனம் கனத்துப் போகிறது. அவர்கள் முட்டாள்கள் அல்ல. விடுமுறைக்கு வந்த சாதாரணக் குடும்பம்.

எனவே காகித வரைபடம் வாங்குங்கள். பூங்கா அலுவலகத்தில் ரேஞ்சரிடம் "இன்றைக்கு இந்தப் பாதை எப்படி?" என்று கேளுங்கள், அவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஊரில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் வசதி இப்போது சில போன்களிலேயே வந்துவிட்டது. இருந்தால் கிளம்பும் முன் அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

கே: வண்டி நின்றுபோனால் நடந்து போய் உதவி கேட்கலாமா? — சேலம்

ப: கூடாது. ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால் கார் தெரியும், நீங்கள் தெரிய மாட்டீர்கள். பானெட்டைத் திறந்து வையுங்கள், அதுவே ஓர் அடையாளம். நிழலில் இருங்கள்.

கே: நாலு சக்கர இழுவை வண்டி கட்டாயமா? — ஓசூர்

ப: தார்ச்சாலைக்கு வேண்டாம். நல்ல சரளைப் பாதைக்கு டயர் நன்றாக இருந்தால் போதும். முரட்டுப் பாதைக்குத் தரையிலிருந்து உயரம் உள்ள வண்டியும் கனமான டயரும் வேண்டும். வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள். மண்பாதையில் ஓட்டக் கூடாது என்று பல ஒப்பந்தங்களில் பொடி எழுத்தில் இருக்கும். பெட்ரோல் பாதித் தொட்டிக்கு வந்ததும் நிரப்பிவிடுங்கள், பூங்காவுக்குள் விலை அதிகம் என்றாலும்.

கே: கூடாரம் அடிக்க வாடகை உண்டா? யாராவது வந்து எழுப்பிவிட மாட்டார்களா? — திருச்சி

ப: பூங்கா முகாம்களுக்குக் கட்டணம் உண்டு. பூங்காவுக்கு வெளியே மத்திய அரசின் நில நிர்வாகத் துறையின் பொது நிலங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கின்றன. தடை போட்ட இடங்கள் தவிர, பெரும்பாலும் இலவசமாகத் தங்கலாம். பொதுவான விதி: 28 நாளில் ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் கூடாது. எங்களை யாரும் எழுப்பவில்லை; விடிகாலையில் கோயோட்டிகள் ஊளையிட்டு எழுப்பியதைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

ஆனால் இடம் தேர்வு செய்வதில் இரண்டு விஷயங்களில் கறாராக இருங்கள். ஒன்று, மணல் படுகை மெத்தென்று இருக்கிறதே என்று வறண்ட ஓடைக்குள் கூடாரம் போடாதீர்கள். அதை மெத்தென்று ஆக்கியது எது என்று யோசித்தால் போதும்.

இரண்டாவது, தெற்கு யூட்டாவில் மண்ணின் மேல் கறுப்பாக, புடைப்பு புடைப்பாக ஒரு பொருக்கு தெரியும். அழுக்கு மாதிரி இருக்கும். அது உயிர். நீலப்பச்சைப் பாக்டீரியாக்களும் பாசியும் லைக்கனும் சேர்ந்து மண் துகள்களை நூல்நூலாகக் கட்டிவைத்திருக்கின்றன. காற்று மண்ணை அள்ளாமல் காப்பதும், மழை ஈரத்தைப் பிடித்துவைப்பதும், காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குக் கொடுப்பதும் அந்தப் பொருக்குதான். ஒரு செருப்புக் கால் பட்டால் நொறுங்கும். திரும்பப் பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். நல்ல படம் எடுக்கலாம் என்று பாதையை விட்டு நாலடி உள்ளே போகிற ஒருவர், தன் பேரன் காலம் வரை நிற்கும் தடத்தைப் போட்டுவிட்டுத் திரும்புகிறார். முன்பே யாரோ தங்கித் தேய்ந்த வெறுந்தரையில் மட்டும் கூடாரம் போடுங்கள். பாதையிலோ பாறையிலோ ஓடை மணலிலோ நடங்கள். இதை மட்டும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

கே: சாப்பாடு? — காரைக்குடி

ப: காரைக்குடியிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். முதல் நாள் புளியோதரை, அது கெடாது. அடுத்த நாளிலிருந்து ரவை உப்புமா, அவல், பருப்புப் பொடி சாதம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து இந்தியக் கடையில் எல்லாமே கிடைக்கிறது. ஐஸ் பெட்டிக்குப் பெரிய கட்டியாக ஐஸ் வாங்குங்கள். சில்லு ஐஸ் சீக்கிரம் கரைந்துவிடும். சின்ன கேஸ் அடுப்பு போதும், காற்றுக்கு மறைப்பு ஒன்று வேண்டும். விறகு மூட்டத் தடை இருக்கும் காலங்கள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்ட தட்டை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டால் கழுவ அரை டம்ளர் தண்ணீர் போதும். மிச்சத்தைக் காக்கைக்கு வைக்கும் நல்ல பழக்கத்தை மட்டும் அங்கே காட்டாதீர்கள். அங்கத்து அண்டங்காக்கைகள் மனிதர் போடும் தீனியில் பெருகி, ஆமைக் குஞ்சுகளைத் தின்று தீர்க்கின்றன.

கே: கூச்சத்தோடு கேட்கிறேன், காலைக்கடன்? — பெயர் வேண்டாம்

ப: கூச்சப்பட ஒன்றுமில்லை. பயணத்துக்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் கேள்வியே இதுதான். சின்ன மண்வெட்டி ஒன்று வேண்டும். நீர்நிலை, பாதை, முகாம் எல்லாவற்றிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளிப் போய், 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி மூடிவிட வேண்டும். பயன்படுத்திய காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். ஈரமில்லாத மண்ணில் காகிதம் மட்கவே மட்காது, காற்று அதை வெளியே இழுத்துவிடும். குறுகிய பள்ளத்தாக்குகள் சிலவற்றில் எல்லாவற்றையுமே பையில் கட்டித் தூக்கிவர வேண்டும் என்பது விதி. அதற்கென்றே பைகள் விற்கிறார்கள்.

கே: பாம்பு, தேள்? — ராஜபாளையம்

ப: இரண்டும் உண்டு. கிலுகிலுப்பைப் பாம்பு பெரும்பாலும் வாலை ஆட்டிச் சத்தம் கொடுக்கும், நீங்கள் விலகினால் அதுவும் விலகும். கண்ணுக்குத் தெரியாத பாறை இடுக்கில் கையை வைக்காதீர்கள். தேளைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: புறஊதா டார்ச் அடித்தால் தேள் பச்சையாக ஒளிரும். முதல் ராத்திரியே நண்பன் அந்த டார்ச்சைக் கூடாரத்தைச் சுற்றி அடித்தான். ஒன்று அகப்பட்டது. அதன்பின் காலையில் ஷூவைத் தட்டாமல் இருவரும் காலை விட்டதில்லை.

கே: கற்கள் தானாக நகருகிற இடம் உண்டாமே, பேய்தானே? — தஞ்சாவூர்

ப: பேய்க்கு அவ்வளவு பொறுமை இருக்காது. டெத் வேலியில் ரேஸ்ட்ராக் என்ற உலர்ந்த ஏரிப் படுகை. வெடித்த களிமண் பாளம் பாளமாகப் பரந்து கிடக்கிறது. அதன் மேல் ஆங்காங்கே கற்கள். சில, இரண்டு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத கனம். ஒவ்வொன்றின் பின்னாலும் இழுத்துக்கொண்டு போன தடம். சில தடங்கள் நேராகப் போய்ச் சட்டென்று திரும்புகின்றன. பக்கத்தில் மனிதக் கால்தடம் கிடையாது. நின்று பார்க்கும்போது, பதில் தெரிந்திருந்தும் உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது.

பதில் கிடைத்தது 2013 டிசம்பரில். ரிச்சர்ட் நாரிஸ், ஜேம்ஸ் நாரிஸ் என்ற சொந்தக்காரர்கள் இருவர், தாங்களே கொண்டுபோய் வைத்த கற்களில் ஜிபிஎஸ் கருவி பொருத்திக் காத்திருந்தார்கள். மழைத்தண்ணீர் படுகையில் சில அங்குலம் தேங்கி, ராத்திரியில் மேலே ஜன்னல் கண்ணாடி கனத்துக்குப் பனிக்கட்டி உறைகிறது. காலை வெயிலில் அது பெரிய தகடுகளாக உடைகிறது. லேசான காற்று அந்தத் தகடுகளைத் தள்ள, தகடு கல்லைத் தள்ள, கல் ஈரக் களிமண்ணில் வழுக்கிக்கொண்டு போகிறது. நிமிடத்துக்குச் சில மீட்டர்தான். 2014 ஆகஸ்டில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். சூறாவளி வேண்டும், காந்தம் வேண்டும் என்றெல்லாம் பல காலமாகப் பேசிவந்த புதிரை ஒரு மெல்லிய பனித்தகடு தீர்த்துவைத்தது.

போகிறவர்களுக்கு: கடைசி 43 கிலோமீட்டர் கூரான சரளைப் பாதை, டயர் தின்னி. வழியில் டீகெட்டில் ஜங்ஷன் என்ற சந்திப்பு. கைகாட்டிக் கம்பம் முழுக்கப் பயணிகள் டீக் கெட்டில்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். படுகை ஈரமாக இருந்தால் இறங்கவே இறங்காதீர்கள். அந்தக் கால்தடமும் வருஷக்கணக்கில் நிற்கும். கல்லை எடுத்துப் பையில் போடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை இல்லை.

கே: கள்ளிச்செடி இல்லாத பாலைவனமா! அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே? — புதுச்சேரி

ப: கை தூக்கி நிற்கும் பெரிய சகுவாரோ கள்ளி தெற்கே சோனோரன் பாலைவனத்துக்கு உரியது. அந்தக் கைகளில் ஒன்று முளைக்கவே அதற்கு 50 முதல் 75 வயதாவது ஆக வேண்டும். மொஹாவிக்கு அடையாளம் ஜோஷுவா மரம். அதன் மகரந்தத்தை ஒரு சிறு அந்துப்பூச்சி வாயால் திரட்டிக் கொண்டுபோய் அடுத்த பூவில் வைக்கிறது. கூலியாக அங்கேயே முட்டையிட்டுக்கொள்கிறது. பூச்சி இல்லாவிட்டால் மரத்துக்கு விதை இல்லை. மரம் இல்லாவிட்டால் பூச்சிக்கு வீடு இல்லை. 2020 ஆகஸ்டில் மின்னல் விழுந்து மொஹாவி காப்பகத்தில் பிடித்த தீயில் சுமார் 13 லட்சம் ஜோஷுவா மரங்கள் எரிந்தன. அந்தக் கரிக்காட்டின் நடுவே வண்டியை ஓட்டியபோது நாங்கள் பாட்டை நிறுத்திவிட்டோம்.

கே: மழையே பெய்யாதா? — மேட்டூர்

ப: டெத் வேலியின் ஆண்டுச் சராசரி ஐந்தரை சென்டிமீட்டர் சொச்சம். 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலின் மிச்சம் வந்து, ஒரு வருஷ மழையை ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போனது. சாலைகள் அடித்துக்கொண்டு போய், பூங்காவை அக்டோபர் 15 வரை மூடினார்கள். உப்புப் படுகையில் ஏரி நிறைந்து, அடுத்த பிப்ரவரி மழையும் சேர்ந்தபோது மக்கள் படகு விட்டார்கள்! தூறல் மட்டும் விழுகிற நாள் வாய்த்தால் விட்டுவிடாதீர்கள். க்ரியோசோட் என்ற புதர், ஈரம் பட்டதும் ஒரு வாசனை விடும். அங்கே வளர்ந்தவர்களுக்கு மழை என்றாலே அந்த வாசனைதான்.

கே: எதிரே புழுதிப் புயல் வந்தால்? — தூத்துக்குடி

ப: சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி நிறுத்துங்கள். எல்லா விளக்கையும் அணையுங்கள், பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவர் அதுதான் சாலை என்று நினைத்து நேராக உங்கள் மேல் வந்து ஏறிவிடுவார். அரிசோனாவில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

கே: அரிசோனாவில் உங்கள் கைக்கடிகாரம் குழம்பியது என்று எழுதியிருந்தீர்கள். புரியவில்லை. — நாமக்கல்

ப: குழம்பியது போன். கோடையில் அமெரிக்காவின் பெரும்பகுதி கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும். அரிசோனா தள்ளாது. அரிசோனாவுக்குள் இருக்கும் நாவஹோ பழங்குடி மக்களின் நாடு தள்ளும், ஏனென்றால் அவர்கள் நிலம் யூட்டாவிலும் நியூ மெக்சிகோவிலும் நீள்கிறது. எல்லோருக்கும் ஒரே நேரம் வேண்டும். அந்த நாவஹோ நிலத்துக்குள்ளேயே இருக்கும் ஹோப்பி மக்களின் நிலம் தள்ளாது. காலையில் கிளம்பி நேராக ஓட்டினால் மதியத்துக்குள் கடிகாரம் முன்னும் பின்னுமாகப் பல தடவை மாறும். நவம்பர் முதல் வாரத்துக்குப் பின் போனால் இந்தத் தொல்லை இல்லை.

கே: ஆளே இல்லாத பூமியில் எதற்கு இத்தனை விதி? — மதுரை

ப: ஆள் இல்லை என்று யார் சொன்னது? டெத் வேலியில் டிம்பிஷா ஷோஷோனி மக்கள் காலங்காலமாக வாழ்ந்தார்கள். மெஸ்கீட் காய் பறிப்பது, கோடையில் மலை ஏறிப் பைன் கொட்டை சேர்ப்பது என்று அவர்களுக்கு அது பிழைக்கத் தெரிந்த வீடு. 1849இல் தங்கம் தேடி வந்து வழிதவறியவர்கள் வைத்த பெயர் "மரணப் பள்ளத்தாக்கு". அவர்களில் பள்ளத்தாக்கில் இறந்ததாகத் தெரிவது ஒருவர்தான். பெயர் மட்டும் எல்லோர் தலையிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. 1933இல் அதைத் தேசியச் சின்னமாக அறிவித்தபோது, அங்கே குடியிருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2000இல்தான் ஒரு சட்டம் அவர்கள் நிலத்தில் சுமார் 7,750 ஏக்கரைத் திரும்பக் கொடுத்தது. ஃபர்னஸ் க்ரீக்கில் அதில் 314 ஏக்கர். அங்குள்ள ஓர் ஆடம்பர விடுதிக்குக் கொஞ்ச தூரத்தில் அவர்கள் குடியிருப்பு இருக்கிறது.

நாவஹோ மக்களை 1864இல் ராணுவம் பல நூறு கிலோமீட்டர் நடத்தியே நாடு கடத்தியது. 1868இல் ஓர் உடன்படிக்கை எழுதி வாங்கித் தங்கள் மண்ணுக்குத் திரும்பி வந்தார்கள். பிறகு அந்த மண்ணில் யுரேனியம் தோண்டப்பட்டது. கைவிடப்பட்ட சுரங்கங்கள் மட்டும் 500க்கு மேல். இன்றும் பல வீடுகளில் குழாய் இல்லை, லாரியிலும் பீப்பாயிலும் தண்ணீர் வருகிறது. நாங்கள் விடுமுறைக்காகக் கேன்களில் அளந்து குடித்ததைப் பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி ஆயுசு முழுக்கச் செய்துகொண்டிருக்கிறார். அவர்கள் நிலத்தில் கூடாரம் போட அவர்கள் அனுமதிச் சீட்டு வேண்டும். ஆன்டிலோப் பள்ளத்துக்குள் அவர்கள் வழிகாட்டியோடுதான் போக முடியும். சாலையோரக் கடையில் வெள்ளி நகையோ பொரித்த ரொட்டியோ வாங்கினால் பேரம் பேசாதீர்கள். ஆட்களைப் படமெடுக்கும் முன் கேளுங்கள்.

கே: ராத்திரியில் டார்ச்சை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தீர்களாமே, பயமில்லையா? — ஈரோடு

ப: முதல் பத்து நிமிடம் இருக்கும். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் வேண்டும். அதற்கப்புறம் பால்வெளி தொடுவானத்திலிருந்து தொடுவானம் வரை வந்துவிடும். யூட்டாவின் நேச்சுரல் பிரிட்ஜஸ் 2007இல் உலகின் முதல் இருள்வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அமாவாசையை ஒட்டிப் போங்கள், சிவப்பு விளக்குள்ள டார்ச் கொண்டுபோங்கள். நடுவில் ஒருவர் போனை எடுத்தால் இருவருக்கும் மறுபடி முதலிலிருந்து.

கே: கிளம்பும்போது கூடாரம், அடுப்பு, குப்பை எல்லாம் வண்டியில் ஏற்றியாயிற்று. மறந்துபோகிற மாதிரி ஏதாவது மிச்சம் இருக்கிறதா? — விருதுநகர்

ப: இருக்கிறது. வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். மொஹாவியில் வெயில் ஏறினால் பாலைவன ஆமை நிழல் தேடிக் காருக்கு அடியில் வந்து படுத்துக்கொள்ளும். 1990 முதல் அழிவு அபாயத்தில் இருக்கும் உயிராகச் சட்டப் பாதுகாப்பு பெற்றது. அதைக் கையால் தூக்கி அப்புறப்படுத்தவும் கூடாது. பயந்தால் சிறுநீர்ப் பையைக் காலி செய்துவிடும். மாதக்கணக்கில் சேர்த்துவைத்த தண்ணீர் அதில்தான் இருக்கிறது. அதுவாக நகரும் வரை டீ போட்டுக் குடியுங்கள்.